ரேடியேட்டரில் ஒரு ஸ்பூன் மஞ்சள்

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் வேனின் ரேடியேட்டரில் கிடந்த பழைய தண்ணீரை இறக்கிவிட்டுப் புதுக் கூலன்ட் ஊற்றுவதாக இருந்தோம். மொத்தம் ஒரு மணி நேர வேலை என்று மாமா சொன்னார். மாமா என்றால் என் கணவர். அம்மாவுக்குத் தம்பி முறை. தாலி ஏறுவதற்கு முன்னாலும் மாமாதான், பின்னாலும் மாமாதான். அவர் ஒரு மணி நேரம் என்றால் நான் மூன்று மணி நேரம் என்று வைத்துக்கொண்டு சமையலை முன்னாடியே முடித்துவிடுவேன். அன்றைக்கும் குழம்பை இறக்கி வைத்துவிட்டுத்தான் வாசலுக்கு வந்தேன்.

வேனுக்கு இருபது வயசுக்கு மேல் ஆகிறது. மூன்று தடவை பெயின்ட் அடித்திருக்கிறோம். சிதம்பரத்திலிருந்து கடலூருக்கு ஆபீஸ் வேலைக்குப் போகிற ஏழு பேரை தினமும் காலையில் ஏற்றிக்கொண்டு போய்ச் சாயந்திரம் கொண்டுவந்து விடுவதுதான் மாமாவின் பிழைப்பு. கல்யாண சவாரியெல்லாம் எப்போதோ நின்றுபோனது. பழைய வண்டியில் யார் பொண்ணு மாப்பிள்ளையை ஏற்றுவார்கள்? மிச்சம் இருந்தது அந்த ஏழு பேர்தான்.

முந்தின வாரத்தில் வண்டி இரண்டு முறை கொதித்து நின்றுவிட்டது. ஒரு முறை வெள்ளாற்றுப் பாலத்தைத் தாண்டி, இன்னொரு முறை ஆலப்பாக்கத்துக்குக் கிட்டே. ஏழு பேரும் வெயிலில் நின்று, வேறு பஸ் பிடித்து, ஆபீசுக்குத் தாமதமாகப் போனார்கள். வெள்ளிக்கிழமை சாயந்திரம் இறங்கும்போது அவர்களில் பெரியவர் ஒருவர் மாமாவிடம் தன்மையாகச் சொல்லியிருக்கிறார். "திங்கக்கிழம வண்டி சரியா இருந்தா உங்க கூடவே வர்றோம். இல்லன்னா மனசுல ஒண்ணும் வச்சிக்காதீங்க, வேற வேன் பேசி வச்சிருக்கோம்." சண்டை போட்டிருந்தால்கூட மாமா தாங்கியிருப்பார். தன்மையாகச் சொன்னதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. அன்று ராத்திரி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

அவருக்கு ஐம்பத்து நாலு வயசு. பத்தொன்பது வயசிலிருந்து ஸ்டீயரிங் பிடிக்கிறார். வேறு ஒரு வேலையும் தெரியாது. வேறொருவர் வண்டிக்கு டிரைவராகப் போகலாம் என்றால் இடது கண்ணில் புரை விழுந்திருக்கிறது. சொந்த வண்டி என்பதால் அது வெளியே தெரியாமல் ஓடிக்கொண்டிருந்தது. ஆகவே திங்கட்கிழமை காலைக்குள் வண்டி ஓட வேண்டும். அவ்வளவுதான் எங்கள் நிலைமை.

பைபாஸில் இருக்கிற மெக்கானிக், வெறும் தண்ணீரை ஊற்றி ஓட்டினால் சூடாகத்தான் செய்யும், பழசை இறக்கிவிட்டு நல்ல கூலன்டா ஊற்றுங்கள் என்று சொல்லியிருந்தார். மாமா பச்சை நிறத்தில் ஒரு கேன் வாங்கி வந்து படியில் வைத்திருந்தார். அதைப் பார்க்கப் பார்க்க எனக்கே ஒரு தெம்பு வந்தது. இத்தனை நாள் வயித்துக்குப் பச்சைத் தண்ணீரை மட்டும் குடுத்துட்டு வேலை வாங்கியிருக்கோம், இனிமேல் நல்லா சாப்பாடு போடுவோம் என்றுகூடச் சொன்னேன்.

சாக்கை விரித்து மாமா வண்டிக்கு அடியில் போனார். நான் பழைய அலுமினியக் குண்டானை வைத்துக்கொண்டு பக்கத்தில் குந்தினேன். தெரு நாய் ஒன்று மோப்பம் பிடித்துக்கொண்டு வந்தது. "அத வெரட்டு. கூலன்ட் இனிப்பா இருக்குமாம். நக்குனா செத்துப்பூடும்னு கேன்ல போட்ருக்கான்" என்றார் அடியிலிருந்து. உள்ளே இருப்பது வெறும் தண்ணீர், அதை நக்கி எந்த நாய் சாகும் என்று கேட்டேன். ஸ்பேனர் வழுக்குகிற சத்தம் மட்டும் கேட்டது.

ரேடியேட்டருக்கு அடியில் தண்ணீரை இறக்குவதற்கு ஒரு திருகு இருக்கும். அதன் தலை தேய்ந்து உருண்டையாகியிருந்தது. சுற்றிலும் வெள்ளையும் பச்சையுமாக உப்புப் பூத்திருந்தது. மண்ணெண்ணெய் ஊற்றிவிட்டு அரை மணி நேரம் காத்திருந்தோம். சுத்தியலால் தட்டினார். துணியைச் சுற்றிப் பிடித்துப் பார்த்தார். கடைசியில் ஸ்பேனர் வாலில் ஒரு இரும்புக் குழாயைச் செருகி இரண்டு கையாலும் இழுத்தார். பொத் என்று ஒரு சத்தம் வந்தது. திருகு கழன்றுவிட்டது என்று நான் சந்தோஷப்பட்டேன்.

திருகு கழலவில்லை. திருகோடு சேர்ந்து அடித்தொட்டியின் தகடும் உள்ளங்கை அகலத்துக்குப் பிய்ந்து வந்திருந்தது. மாமா அதைக் கையில் வைத்துப் பார்த்தார். விரலால் அழுத்தியதும் ஓரம் அப்பளமாய் நொறுங்கியது.

அதைவிட என்னைப் பயமுறுத்தியது வேறு. அவ்வளவு பெரிய ஓட்டை விழுந்தும் தண்ணீர் கொட்டவில்லை. குண்டானில் நாலு சொட்டு விழுந்தது, அப்புறம் நின்றுவிட்டது. மாமா ஒரு கம்பியை உள்ளே விட்டு நோண்டினார். கெட்டியாகக் கரைத்த கடலை மாவு மாதிரி ஒன்று மெதுவாக நழுவி வந்து குண்டானில் விழுந்தது. அதற்குப் பின்னால்தான் தண்ணீர் கொஞ்சம் வந்தது.

"என்னா மாமா இது?"

"துரு."

"துரு இந்தக் கலர்லயா இருக்கும்?"

"பழைய துரு. அப்பிடித்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டுக் குண்டானைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

எனக்கு அந்த நிறம் தெரியும். இருபத்தைந்து வருஷமாக அடுப்படியில் நிற்கிறவளுக்கு மஞ்சள் தெரியாதா? அதிலும் அது நான் போட்ட மஞ்சள்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள், இதே வேனில் கடலூர் ஆஸ்பத்திரியிலிருந்து நாங்கள் இரண்டு பேர் மட்டும் திரும்பிக்கொண்டிருந்தோம். எனக்கு மூன்றாவது தடவையும் கலைந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. இனிமேல் வேண்டாம் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். நான் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தேன். அந்த மூன்று வாரத்தில் நான் பேசியதை எண்ணினால் பத்து வார்த்தை தேறாது. புதுச்சத்திரம் கிட்டே வரும்போது வண்டிக்கு முன்னால் ஆவி கிளம்பியது. டீக்கடை ஓரமாக நிறுத்தி, சூடு ஆறின பிறகு தண்ணீர் ஊற்றினால், ஊற்ற ஊற்ற ரேடியேட்டரில் ஒரு இடத்திலிருந்து ஒழுகிக்கொண்டே இருந்தது.

டீக்கடையில் ஒரு லாரி டிரைவர் உட்கார்ந்திருந்தார். "ஒரு ஸ்பூன் மஞ்சத்தூள் போடுங்க. ஓட்டைய அடைச்சிக்கும். ஊர் போய்ச் சேந்துடலாம்" என்றார். மாமா பெட்டிக்கடையில் மஞ்சள் பாக்கெட் வாங்கி வந்து யோசித்துக்கொண்டு நின்றார். நான் என்ன நினைத்தேனோ தெரியாது, இறங்கிப் போய், "குடுங்க, நான் போடறேன்" என்று வாங்கினேன். டீக்கடை ஸ்பூனால் ஒரு ஸ்பூன் போட்டேன். கொஞ்ச நேரத்தில் ஒழுகல் சொட்டாகி, சொட்டும் நின்றுவிட்டது. லாரி டிரைவர், "அம்மாவுக்குக் கைராசி" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நல்ல கைராசி என்று நினைத்துச் சிரித்தேனா, நிஜமாகவே சந்தோஷத்தில் சிரித்தேனா என்று இப்போது சொல்லத் தெரியவில்லை. மாமா என்னையே பார்த்துக்கொண்டு நின்றது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. வெள்ளிக்கிழமை காலையில் வண்டிக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் மாற்றி, கற்பூரம் காட்டுவது எல்லா டிரைவர் வீட்டிலும் உண்டு. எங்கள் வீட்டில் அதோடு ஒரு ஸ்பூன் மஞ்சளும் சேர்ந்தது. மாமா பானெட்டைத் தூக்கிப் பிடிப்பார், மூடியைத் திருகி எடுப்பார், நான் உள்ளே போடுவேன். ஒழுகினாலும் போட்டேன், ஒழுகாவிட்டாலும் போட்டேன். வெளியே மங்கலத்துக்கு வைக்கிறோம், உள்ளேயும் இருக்கட்டுமே என்ற எண்ணம். சாமிக்குச் செய்கிற மாதிரி செய்தேன் என்றால் பொய்யில்லை. ஆறு வருஷத்துக்கு எத்தனை வெள்ளிக்கிழமை என்று கணக்குப் போட எனக்கு இப்போது தைரியம் இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை குண்டானைப் பார்த்தபோது இதெல்லாம் முழுசாக ஓடவில்லை. மாமா ரேடியேட்டரைக் கழற்றி வெளியே எடுத்தார். சிதம்பரத்தில் ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. இந்தப் பழைய பித்தளை ரேடியேட்டரில் கை வைக்கிற ஆள் கடலூர் முதுநகரில் ஒருவர் இருக்கிறார், கடையும் வீடும் ஒன்றுதான், கெஞ்சினால் பற்றவைத்துத் தருவார் என்றார். மொபெட்டில் கிளம்பினோம். மாமா ஓட்ட, நான் பின்னால் உட்கார்ந்து ரேடியேட்டரைச் சாக்கில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டேன். நாற்பது கிலோமீட்டருக்கு மேல். வழியெல்லாம் அதிலிருந்து மஞ்சள் தண்ணீர் சொட்டி என் புடவை நனைந்தது. பற்றவைத்துவிடுவார், சாயந்திரம் மாட்டிவிடலாம், காலையில் ஏழு பேரும் ஏறிவிடுவார்கள் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே போனேன்.

ரேடியேட்டர்காரர் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தார். எழுந்து வந்து சாக்கைப் பிரித்துப் பார்த்தார். டார்ச் அடித்து உள்ளே பார்த்தார். ஒரு சின்ன ஸ்க்ரூ டிரைவரால் மேல்தொட்டியின் விளிம்பைத் தொட்டதும் அதுவும் உள்ளே போய்விட்டது. அவர் மாமாவை நிமிர்ந்து பார்த்தார்.

"ரெண்டு வருஷத்துக்கு முன்னாடியே சொன்னனேண்ணே. மஞ்சத்தூள் போடாதீங்க, கொழாய் எல்லாம் அடைச்சிக்கும்னு. அன்னைக்கே பாதி அடைச்சிதான் இருந்துது. சரி சரின்னுட்டுப் போனீங்க."

மாமா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இத பத்தவைங்க, நாளைக்கு ஓடணும்" என்றார்.

"எங்கண்ணே பத்தவைக்கிறது? ஈயம் ஒட்ட தகடு வேணும்ல? உப்புத்தண்ணிய ஊத்தி ஊத்தி எல்லாம் அரிச்சிப்போச்சி. வேற பழைய ரேடியேட்டர் தேடிப் போட்டாலும் இஞ்சினுக்குள்ள போற வழியெல்லாம் இதே சேறுதான் இருக்கும். ரெண்டு தடவ கொதிச்சி நின்னுருக்குன்றீங்க, இஞ்சின் மேல்மூடி, அந்த ஹெட்டும் வளைஞ்சிபோயிருக்கும். இனிமே இதுல கைய வைக்காதீங்க. என் அண்ணனா இருந்தாலும் இதான் சொல்லுவேன்."

நான் அங்கே ஒன்றும் பேசவில்லை. என்னைத் தெரிந்தவர்கள் இதை நம்ப மாட்டார்கள். எனக்கு வாய் ஜாஸ்தி. ஜெராக்ஸ் கடையில் நான் வேலைக்குச் சேர்ந்து நாலு வருஷம் ஆகிறது, காலேஜ் பிள்ளைகள் என்னைக் கண்டால் வரிசையில் நிற்பார்கள். ஆனால் ரேடியேட்டரை அங்கேயே பழைய இரும்போடு போட்டுவிடட்டுமா என்று அவர் கேட்டதற்குக்கூட மாமாதான் வேண்டாம் என்று சொல்லி வாங்கி வந்தார். மறுபடியும் மடியில் வைத்துக்கொண்டு திரும்பினேன்.

புதுச்சத்திரத்தில் அதே டீக்கடையில் நிறுத்தினார். வேண்டுமென்று நிறுத்தினாரா, கண் கூசியதால் நிறுத்தினாரா தெரியாது. டீ வந்தது. அப்போதுதான் கேட்டேன்.

"ரெண்டு வருஷமா தெரியுமா?"

"ம்."

"தெரிஞ்சும் பானெட்ட தூக்கிப் புடிச்சீங்களா?"

டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார்.

"வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்ல என்னா கேடு உங்களுக்கு? நான் என்னா கொழந்தையா, சொன்னா அழுவனா?"

"ஆஸ்பத்திரிலேருந்து வந்து நீ படுத்துருந்தல்ல, அந்த வருஷம்" என்றார். "வெள்ளிக்கெழம மட்டுந்தான் எந்திரிச்சிக் குளிச்ச. மஞ்ச போடணும்னு எந்திரிச்ச. மத்த நாளெல்லாம் தலகூட வாரல. அத எப்பிடிப் போய் போடாதன்னு சொல்றது?"

அந்த வருஷம் எனக்குச் சரியாக நினைவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருந்தது மட்டும் தெரியும். வெள்ளிக்கிழமை எழுந்தேன் என்பதே அவர் சொல்லித்தான் தெரிகிறது.

"அதுக்கப்பறம் நான் கடைக்கிப் போவலயா? உங்ககிட்ட சண்ட போடலயா? அவுரு சொன்னது ரெண்டு வருஷத்துக்கு முன்னாடிதான்? அப்ப நான் நல்லாதான இருந்தேன்?"

"நிறுத்துனா மறுபடி படுத்துடுவியோன்னு இருந்துது."

பிறகு அவராகவே சொன்னார். "சனிக்கெழம சனிக்கெழம தொறந்து உட்டு அலசித்தான் பாத்தேன். நீதான் தண்ணிக்கிக் கத்துன."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சனிக்கிழமைதோறும் மாமா வண்டித் தண்ணீரை இறக்கிவிட்டுப் புதுசாக ஊற்றுவார். எங்கள் வீட்டு போர்வெல்லில் வருவது உப்புத்தண்ணீர். குடிக்கிற தண்ணீர் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் குழாயில் வரும். அதில் இரண்டு குடத்தை எடுத்து இவர் வண்டிக்கு ஊற்றினால் எனக்கு எரியாதா? போன வருஷம் கோடையில் தெருவே கேட்கிற மாதிரி கத்தினேன். "குடிக்கிற தண்ணிய எடுத்து வண்டிக்கு வாய் கொப்புளிக்கிறீங்களா?" என்று கேட்டேன். அப்போதும் அவர் காரணத்தைச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அலசுவதை நிறுத்திவிட்டார். குறைகிற தண்ணீருக்கு போர்த் தண்ணீரை ஊற்ற ஆரம்பித்தார். மஞ்சள் உள்ளே தங்கியது, உப்பு தகட்டைத் தின்றது. திருகின் தலை ஏன் தேய்ந்திருந்தது என்றும் அப்போதுதான் புரிந்தது.

மஞ்சளைப் போட்டதும் நான், அதைக் கழுவ விடாததும் நான். ஆனாலும் எனக்குக் கோபம் அவர் மேல்தான் வந்தது, இன்றைக்கும் அவர் மேல்தான் இருக்கிறது. ஒரே வீட்டில் ஒரே பாயில் கிடக்கிற மனுஷனுக்கு நான் எழுந்துவிட்டேன் என்பது நாலு வருஷமாகத் தெரியவில்லை. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நோயாளிக்கு மருந்து கொடுக்கிற மாதிரி அவர் பானெட்டைத் தூக்கியிருக்கிறார். நான் அவருக்கு உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு ஸ்பூனோடு நின்றிருக்கிறேன். நான் நன்றாகிவிட்டேன் மாமா என்று நானும் ஒரு நாள் வாய்விட்டுச் சொன்னதில்லை. சண்டை போட்டால் தெரியாதா என்று இருந்துவிட்டேன்.

ஆறிப்போன டீயைக் குடித்தோம். மொபெட்டில் ஏறி ஊர் வந்து சேர்ந்தோம்.

திங்கட்கிழமை காலை மாமா வழக்கம்போல் எழுந்து, குளித்து, சட்டை போட்டுக்கொண்டார். ஏழு பேருக்கும் முந்தின நாள் சாயந்திரமே போன் பண்ணிச் சொல்லியாகிவிட்டது. அந்தப் பெரியவர், "வருத்தப்படாதீங்க, ஒடம்பப் பாத்துக்குங்க" என்றாராம். எந்த உடம்பை என்று தெரியவில்லை. எங்கள் தெரு முனையில் ஏறுகிற ஒரு அம்மாவுக்காகப் புது வேன் வந்து நின்று ஹாரன் அடித்தது. மாமா செய்தித்தாளைப் பிரித்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார். வேன் போன பிறகும் பக்கத்தைத் திருப்பவில்லை. நான் சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு ஜெராக்ஸ் கடைக்குக் கிளம்பினேன். வாசலில் படியில் அந்தப் பச்சைக் கேன் சீல் உடைக்காமல் இருந்தது.

செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும் நான்கு இடத்தில் கேட்டுப் பார்த்தார். காட்டுமன்னார்கோயிலில் ஒரு ரைஸ்மில்லில் வாட்ச்மேன் வேலை இருக்கிறது என்றார்கள், போய்ப் பார்த்தால் ஆள் போட்டாகிவிட்டது. பழைய இரும்புக்காரர் வந்து வேனைச் சுற்றிப் பார்த்துவிட்டு அடுத்த வாரம் வந்து எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனார். வீட்டில் இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் ரொம்பத் தன்மையாகப் பேசிக்கொண்டோம். அதுதான் எனக்குப் பிடிக்கவே இல்லை.

வெள்ளிக்கிழமை காலையில் தலைக்குக் குளித்தேன். வண்டியைக் கொண்டு போவதற்கு முன்னால் கடைசியாக ஒரு பொட்டு வைத்து அனுப்பலாம் என்று தட்டில் சந்தனம், குங்குமம், எலுமிச்சம்பழம், கற்பூரம் எடுத்துக்கொண்டு வந்தேன். மஞ்சள் டப்பாவை அடுப்படியிலேயே வைத்துவிட்டேன். ஸ்பூனும் எடுக்கவில்லை. வெறும் பொட்டு மட்டும்தான்.

நாற்காலியில் உட்கார்ந்திருந்த மாமா என்னைத் தட்டோடு பார்த்ததும் எழுந்தார். கூப்பிடாமலே வந்து வண்டிக்கு முன்னால் நின்று, வழக்கம்போல் பானெட்டைத் தூக்கிப் பிடித்தார். உள்ளே ரேடியேட்டர் இருந்த இடம் காலியாக இருந்தது. அதன் வழியாகத் தரையும், தரையில் மஞ்சளாகக் காய்ந்துபோன கறையும் தெரிந்தன. அவர் அதைப் பார்க்கவில்லை. என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் நல்லா இருக்கேன் மாமா" என்றேன். "மூடிடுங்க."

அவர் தலையை ஆட்டினார். கையை எடுக்கவில்லை. என் ஸ்பூனுக்காகப் பிடித்தபடியே நின்றார்.